வெறுங்குழாயில் எட்டு ஈ

மணல் ஈ என்று ஒரு பூச்சி இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நம் கடற்கரை மணலில் நண்டோடு நண்டாகத் திரியும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது பெரும்பாலும் மணலில் வாழ்வதில்லை. அதன் உடம்பு மணல் நிறம். கொசுவில் கால்வாசி இருக்கும். உடம்பெல்லாம் பொடி மயிர். உட்காரும்போது இரண்டு இறக்கையையும் மேலே தூக்கிப் பாய் விரித்த படகு மாதிரி வைத்துக்கொள்ளும். கொசுவைப் போல் காதருகே பாடாது, கடித்த பிறகுதான் வந்து போனதே தெரியும். நம் பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் அதற்கென்று தனிப்பெயர் கிடையாது. பொடிக்கொசு என்று சொல்லித் தட்டிவிடுவோம்.

அந்தப் பொடிக்கொசுவை நான் ஒன்றரை வருடம் சம்பளத்துக்குப் பிடித்தேன். நீங்கள் பிறப்பதற்கு முன். உங்கள் அம்மாவுக்கு அது இன்றைக்கும் சிரிப்பு. அந்த வேலையில் நான் ஒரு தப்பு செய்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்தது. அதை அவள் வாயால் கேட்டால் வேடிக்கையாக இருக்கும், விஷயம் பாதி விட்டுப்போகும். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அந்த வருடம் அலையில் படகைக் கரையேற்றும்போது அதன் விளிம்பு என் வலது தோளில் இடித்துவிட்டது. ஒரு வருடத்துக்கு வலை இழுக்கக் கூடாது என்றார் டாக்டர். சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு அம்மா பழவேற்காட்டுக்கு வந்தார். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து, மேசை மேல் ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டார். கையில் எந்நேரமும் பென்சில் இருந்ததால் ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிட்டது. பூச்சி பிடிக்கவும் சீட்டு எழுதவும் ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் எட்டாவது வரை படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும். போய்ச் சேர்ந்தேன்.

உங்கள் அம்மா அன்றைக்குக் குழாயடியில் சொன்னதை அங்கிருந்த பெண்கள் வருடக்கணக்கில் மறக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரரு கொசு புடிக்கப் போறாரு. வலைக்கு எம்மாம் கண்ணு வேணும்னு யாராவது கேட்டுச் சொல்லுங்கடி."

வலை இல்லை. ஒரு டார்ச் விளக்கு. ஒரு கண்ணாடிக் குழாய், அதோடு சேர்த்த ரப்பர் குழல். விடிந்தும் விடியாத வேளையில் சுவர்ச் சந்தில் விளக்கை அடித்தால் ஈ இறக்கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரப்பர் குழலின் முனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். ஈ கண்ணாடிக்குள் வந்துவிடும். நடுவில் வலைத்துணி கட்டியிருப்பதால் வாய்க்குள் வராது. பிறகு அதை ஸ்பிரிட் ஊற்றிய சிறு குழாய்க்கு மாற்ற வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, பிடித்தவர் யார் என்று சீட்டில் எழுதி அந்தக் குழாய்க்குள்ளேயே போட வேண்டும். பென்சிலில்தான் எழுத வேண்டும், மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். "சீட்டு இல்லாத பூச்சி குப்பைக்குச் சமம்" என்று டீச்சர் முதல் நாளே சொன்னார். டீக்கடையில் என் குழாயை வாங்கி மோந்து பார்த்த ஒருவர், ஈக்கு ஊற்றுகிறார்கள், நமக்கு ஒரு சொட்டு கிடையாதா என்று கேட்டார்.

எனக்குக் கொடுத்த இடம் ஒல்லாந்தர் கல்லறை, டச்சுக்காரர்களைப் புதைத்த இடம். நீங்கள் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம் பார்த்துப் பயந்தீர்களே, அதுதான். அவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியதில் இப்போது விரல் நுழைகிற விரிசல்கள். உள்ளே ஈரம், பல்லி, இருட்டு. அவர்களுடைய கோட்டை இருந்த இடத்திலும் முள்மரத்துக்கு நடுவே அதே செங்கல், அதே விரிசல். இந்த வகை ஈக்களுக்கு மனிதரைவிடப் பல்லியைத்தான் அதிகம் பிடிக்கும் என்றார் டீச்சர். ஒரு காலையில் முப்பது, நாற்பது கிடைக்கும்.

இன்னோர் இடம் பசியாவரம், ஏரிக்குள் இருக்கும் தீவு. அங்கே பிடிக்க உங்கள் அம்மாவின் பெரியப்பாவை வைத்தோம். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஏரியில் மடவை மீன் கூட்டம் வருவதைத் தண்ணீரின் நிறத்தை வைத்தே தொலைவில் சொல்லிவிடுகிற ஆள். அவருக்கு ஒரு குழாயில் இரண்டு ஈ சேர்வதே பெரும்பாடாக இருந்தது. காற்று வீசும் தீவு, கீற்று வீடுகள், உவர் மண். ஈ இருந்தால்தானே பிடிக்க?

இப்போது டீச்சர் என்ன தேடினார் என்று சொல்கிறேன். நம் வீட்டில் மடவை வாங்கினால் அம்மா கையில் எடுத்ததும் இது ஒரு ஜாதி, அது வேறு ஜாதி என்று பிரித்துவிடுவாள். வெளியூர் வியாபாரிக்கு எல்லாம் மடவைதான். மணல் ஈயிலும் அப்படி நிறைய வகை உண்டு. சில வகைகள் சில ஊர்களில் காய்ச்சலைப் பரப்பும், பல வகைகள் ஒன்றும் செய்யாது. எது பரப்பும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் எது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். வெளியே பார்த்தால் பிரிக்க முடியாது. ஈயின் தலையைத் தனியே எடுத்து, மருந்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் பசை வைத்து ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தலைக்குள்ளே, ரத்தம் போகிற வழியில், ஒரு வரிசைப் பல் இருக்கிறது. நம்ப மாட்டீர்கள். சீப்பு மாதிரியே இருக்கும். எனக்கும் காட்டினார். கல்லறை ஈயின் சீப்பில் பல் மெல்லியது, நெருக்கமானது, நீளமானது. பசியாவரத்து ஈயின் சீப்பில் பல் குட்டை, தடிப்பு, எண்ணிக்கையும் குறைவு. நான் ஒன்றை நெட்டைச் சீப்பு என்றும் மற்றதைக் குட்டைச் சீப்பு என்றும் சொல்ல ஆரம்பித்தேன். டீச்சரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்.

இவை இரண்டும் வேறு வேறு இனம் என்பது டீச்சரின் கட்சி. இல்லை, ஒரே இனம், பல் முன்னே பின்னே இருப்பது சகஜம், நீ ரொம்ப நுணுக்கி எண்ணுகிறாய் என்பது அவருடைய புரொபசரின் கட்சி. கல்லறையில் குட்டைச் சீப்பு ஒன்றுகூட வரவில்லை. தீவில் நெட்டைச் சீப்பு ஒன்றுகூட வரவில்லை. இரண்டும் கலக்கவே இல்லை என்று காட்டிவிட்டால் டீச்சர் சொன்னது நிற்கும். காட்ட முடியாவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும் என்று புரொபசர் கடிதம் எழுதியிருந்தார். சென்னையில் ஆரம்பித்ததையும் சேர்த்தால் இரண்டு வருட உழைப்பு. தீவிலிருந்து அதுவரை வந்தவை பதினொன்று. இன்னும் வேண்டும் என்று டீச்சர் காத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் குழாய் வெறுமையாக வர ஆரம்பித்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். தீவில் ஆட்கள் கிண்டல் செய்தார்கள். மடவை தெரிகிற கண்ணுக்கு ஈ தெரியவில்லை, படுத்துத் தூங்கிவிட்டு வருகிறான் என்றார்கள். மூன்றாவது வாரம் படகுத் துறையில் இறங்கியவர் முண்டாசு முடிச்சிலிருந்து குழாயை எடுத்து என்னிடம் நீட்டினார். சீட்டு மட்டும் ஸ்பிரிட்டில் மிதந்தது.

"கல்லறையில செத்துப்போனவங்களுக்கு அம்மாம் ஈ. உசுரோட கீற என் ஊட்டுக்கு ஒண்ணு வரமாட்டேங்குது மாப்ளே. நாளைலேர்ந்து வரலன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடு."

நம் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். மீனோடு வந்த படகு, வெறும் மீன்கூடையோடு நிற்கிறவர் பறியில் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் போகும். வெறும் பறி வீட்டுக்குப் போகக் கூடாது. போடுகிறவர் போட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். வாங்குகிறவர் அதைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காற்றைப் பற்றி ஏதாவது சொல்வார். நன்றி சொல்கிற வழக்கம் இல்லை. நாளைக்கு அவர் போடுவார்.

என் கையில் அன்றைய கல்லறைக் குழாய் இருந்தது. முப்பதுக்கு மேல் இருக்கும். நான் யோசிக்கவே இல்லை. கார்க்கை எடுத்தேன், கொஞ்சம் சாய்த்தேன். எட்டு ஈ மாமாவின் குழாய்க்குள் இறங்கியது.

மாமா ஏரியைப் பார்த்தார். "காத்து மாறுது" என்றார்.

அடுத்த வாரமும் அப்படியே செய்தேன். அந்த முறை எத்தனை என்று எண்ணக்கூட இல்லை. மாமா வேலையை விடவில்லை. எனக்கு மனது நிறைவாக இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் சீட்டு எழுதப் போனேன். டீச்சர் மைக்ராஸ்கோப்பை விட்டு விலகி நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பசியாவரத்துக் குழாயில் எட்டு ஈ, எட்டும் நெட்டைச் சீப்பு என்றார். இரண்டு வகையும் ஒரே வீட்டில் இருக்கிறது என்றால் புரொபசர் சொன்னதே சரி, இன்றைக்கே எழுதிவிடப் போகிறேன் என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்:

"ரெண்டு வருஷமா நான் இல்லாததைப் பார்த்திருக்கேன் போல. இனிமே என் கண்ணையே எப்படி நம்புறதுன்னு தெரியலை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீன் பறிக்குள் விழுந்தால் அது யார் பிடித்த மீன் என்று யாரும் கேட்பதில்லை, குழம்பு ஒன்றுதான். குழாய்க்குள் போட்ட ஈயோடு அந்தச் சீட்டும் போகிறது. சீட்டில் பசியாவரம் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அது பொய். ஒருவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான் செய்த காரியம், இன்னொருவரைத் தன் கண்ணையே சந்தேகப்பட வைத்துவிட்டது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சீட்டு எழுதுவதற்குப் பதிலாக, தோள் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் சொன்னால் மாமாவின் மானமும் போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. என் மானமும் இருந்தது.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று பார்த்தேன், செய்யவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, "அந்தம்மா எழுதி அனுப்பிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கு எழுதுவார், நாளை தபாலில் போடுவார் என்றேன். "அப்ப இன்னும் நாளு கீது" என்றாள்.

விடிந்ததும் பசியாவரத்துக்குப் படகேறினேன். மாமா கரையில் வலையில் பாசி உதறிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன், உங்களுக்குத் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வலையை மடித்து வைத்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னா அதுவும் ஒரு தப்புச் சீட்டுதானே மாப்ளே" என்றார் பிறகு. "போட்டவன் நீ, வாங்கினவன் நானு. நட, ரெண்டு பேருமே போவலாம்."

டீச்சர் அறையில் மாமா உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை. உறையில் போட்டு ஒட்டிய கடிதம் மேசை மேல் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பறி வழக்கத்தையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அது சாக்குப்போக்கு மாதிரி என் காதுக்கே கேட்டது. டீச்சர் கடைசியில் எத்தனை தடவை என்று கேட்டார். இரண்டு என்றேன். அதற்கு முன்னால் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். மாமாவைப் பார்த்தார். மாமாவும் தலையாட்டினார்.

சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துப் போனேன். ஆகவில்லை. டீச்சர் எழுந்து, பெட்டியிலிருந்து பசியாவரத்துக் குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். அந்த இரண்டை மட்டுமல்ல. பழைய பதினொரு ஈ வந்த குழாய்களையும்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா படிக்கிறவங்க நம்பணும்னு நான் கேக்க முடியாது. ரெண்டு கலந்துச்சுன்னா எல்லாத்துலயும் சந்தேகம் வரும். இதையெல்லாம் நான் கணக்குல சேக்க முடியாதுண்ணே."

தீவின் பங்கு பூஜ்யத்துக்குப் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. ஒட்டிய கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். பிறகு மாமாவிடம் திரும்பி, அந்த மூன்று வாரமும் வெறுங்குழாய் வந்ததே, அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். முதல் இரண்டு வாரத்துக் குழாயையும் கழுவி வைத்துவிட்டேன் என்று நான்தான் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஈ வராததும் ஒரு சேதிதான் என்றார். இந்த வாரம் இந்த வீட்டில் தேடினோம், இல்லை என்பது தெரியாவிட்டால், இருந்தது என்பதற்கும் அர்த்தம் கிடையாது. "எனக்கு வெறுங்குழாய் வேணும்யா. தேடுனதுக்கு அதுதான் சாட்சி."

மாமாவுக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. வெளியே வந்ததும், வெறும் பறிக்கு யாராவது சம்பளம் தருவாங்களா, அந்தம்மா நம்ம மேல இருக்கிற கோபத்தில் சொல்கிறதா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை மாமா டீச்சரைத் தீவுக்குக் கூட்டிப்போய், எந்த வீடு, எந்த மூலை, எவ்வளவு நேரம் என்று காட்டிவிட்டார். என் குழாய்களும் அவர் குழாய்களும் ஒரே படகுத் துறையில் சந்திக்கவே கூடாது என்று நானே ஏற்பாடு செய்துகொண்டேன். அவர் நேராக டீச்சர் மேசைக்குப் போவார். முதல் வாரம் போனபோது நான் அறையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மாமா முண்டாசு முடிச்சை அவிழ்த்து, குழாயை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார். வெறுங்குழாய். ஸ்பிரிட்டும் சீட்டும். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், என் கண் தானாக ஜன்னலுக்குப் போய்விட்டது. ஆனால் அவர் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டு, நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'இல்லை' என்று எழுதினார். மாமா அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஐந்து வாரம் அப்படியே. அதற்குள் என் தோள் சரியாகிவிட்டது, ஆனாலும் நான் கடலுக்குத் திரும்பவில்லை. முடிக்காமல் போகக் கூடாது என்று இருந்தது. ஐப்பசி மழை வந்து போய், ஏரி நிறைந்து, தீவில் தரை ஈரமாயிற்று. ஆறாவது வாரம் மாமா, ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் மண் சுவர் ஒன்று இடிந்திருக்கிறது, அங்கே பார்த்தேன் என்று சொல்லிக் குழாயை வைத்தார். நான்கு ஈ. டீச்சர் எண்ணினார், நானும் எண்ணினேன். அடுத்த வாரம் மூன்று.

மருந்தில் ஊறி, தகட்டில் ஏறி, காய்வதற்குச் சில நாள் ஆகும். பார்க்கும் நாளில் மாமா வேலைக்குப் போகாமல் வந்து வாசற்படியில் நின்றார். டீச்சர் ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தார். மூன்றாவதிலிருந்து திரும்பி முதல் தகட்டுக்குப் போனார். ஏழும் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, நீங்கள் பாருங்கள், என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். நான் கண்ணை வைத்தேன். குட்டை, தடிப்பு, எண்ணிவிடலாம். ஏழும் அப்படியே.

"குட்டைச் சீப்பு" என்றேன்.

"எத்தினி?" என்று வாசலிலிருந்து மாமா கேட்டார்.

"எல்லாமே மாமா."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பிப்ரவரியில் அவர் சென்னைக்குப் புறப்பட்டார். குழாய்களைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடுக்கினோம். வெறுங்குழாய்களுக்கும் அதே பஞ்சு, அதே அடுக்கு. பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொன்னார். மாமா விடவில்லை. பொன்னேரி வரை மடியில் வைத்துக்கொண்டு போய், ஸ்டேஷனில் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.

கோடையில் எனக்கு ஒரு கார்டு வந்தது. படகுத் துறையில் வைத்து மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டும் வேறு இனம்தான் என்று வைத்துக்கொள்ளப் புரொபசர் சம்மதித்தாராம். ஆனால் ஏழு போதாது, இதுவரை பார்த்த அளவில் என்று சேர்த்து எழுதச் சொன்னாராம். இரண்டுக்குமே வெளிநாட்டில் முன்பே பெயர் வைத்துவிட்டார்களாம், புதுப்பெயர் தேவைப்படவில்லை. அதில் மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், பசியாவரம் என்று வைப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். கடைசி வரியில், புரொபசர் ஏழு ஈயைப் பார்க்கும் முன் ஐந்து வெறுங்குழாயையும் கேட்டு வாங்கிப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார் என்று எழுதியிருந்தது.

"அத்த இன்னொரு வாட்டி படி" என்றார் மாமா.

படித்தேன். கார்டை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து, முன்பு குழாயை வைக்கும் முண்டாசு முடிச்சிலேயே வைத்துக்கொண்டு படகேறினார்.